முதல் ட்ரயல்ஸ் மோட்டார்: 300 வேண்டாம், வேறு எது?

மூன்று மாதத்துக்கு முன் அக்கா மகன் ராவாங்கிலிருந்து செந்தூலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். உட்கார்ந்ததும் கைப்பேசியை நீட்டினான். சிவப்பு காஸ்காஸ் ட்ரயல்ஸ் மோட்டார், 300 சிசி, விற்பனைக்கு.

"மாமா, இத முடிச்சிடலாமா? முன்பணம் கேக்குறாங்க."

"இதுவரைக்கும் எதெல்லாம் ஓட்டியிருக்கே?"

"வீட்டு ஈஎக்ஸ்5. அப்புறம் கூட்டாளியோட ஒய்15."

சரி, இது ஒரு தே தாரிக்கில் முடிகிற பேச்சு இல்லை என்று மாமாக் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே பேசியதையும் அதன் பிறகு இருவரும் சேர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். கோலாலம்பூர் பக்கம் இந்த விளையாட்டைத் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

ட்ரயல்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பாறை, வேர், ஓடை, மேடு என்று ஒரு சிறு பாதையைக் கயிறு கட்டி அடையாளம் செய்திருப்பார்கள். அதற்குப் பெயர் செக்‌ஷன். காலைத் தரையில் ஊன்றாமல் அதைக் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறைக்கு 2, மூன்றும் அதற்கு மேலும் 3. விழுந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ 5. குறைந்த புள்ளி வாங்கியவர் வெற்றி பெறுவார். மோட்டாரில் இருக்கை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. எடை எழுபது கிலோ சுமார், டாங்க் இரண்டு இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும்.

300 வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், நானே அதில் தொடங்கியவன் என்பதுதான். முதல் நாள் ராவாங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், அனுமதி வாங்கிய இடத்தில், முதல் கியரில் ஒரு வேரைத் தாண்டப் போனேன். வேர் முன் சக்கரத்தைத் தட்டியது, கை லேசாக ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டது. அவ்வளவுதான். மோட்டார் என்னை விட்டுவிட்டு எதிரே இருந்த மரத்தில் ஏறியது. பால் கிண்ணம் ஒரு பக்கம் பறந்தது, கிளட்ச் லிவர் ஒரு பக்கம். நான் வேரின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

300-இல் எத்தனை குதிரைத்திறன் என்பது பெரிய விஷயமில்லை. கால்வாசிகூட முறுக்காதபோதே இழுவை முழுதாக வந்துவிடுகிறது, தொல்லை அங்கேதான். பழகாதவன் கை ஒவ்வொரு கல்லிலும் தானாக நடுங்கும். 200-இல் அந்த நடுக்கம் ஒரு உறுமலோடு போய்விடும். 300-இல் அது ஒரு பாய்ச்சல். டோனி போ 2007-இலிருந்து 2024 வரை ஒரு வருடம்கூட விடாமல் உலகப் பட்டம் வென்றிருக்கிறார், அவர் கைக்கு எந்த மோட்டாரும் சரி. நமக்கு அந்தக் கை வரும்வரை அந்த எஞ்சின் வேண்டாம்.

"பி2 லைசன்ஸ் 250 வரைக்கும்தானே மாமா, அதனாலதான் வேணாங்கிறீங்களா?" என்று கேட்டான். அது சாலைக்கான கணக்கு. ட்ரயல்ஸ் மோட்டாரில் பெரும்பாலானவை நம் ஊரில் சாலைக்கே வராதவை. பதிவு எண் இல்லை, சாலை வரி இல்லை, ஹைலக்ஸிலோ வாடகை லோரியிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். முன் சக்கரத்தைக் கழற்றினால் பழைய வேனிலும் அடங்கும். மோட்டார் விலையைப் பேசும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எதில் ஏற்றிப் போவீர்கள்?

கப்சாயே போதாதா?

இப்படிக் கேட்பவர்கள் நிறைய. முழுக்கத் தவறான கேள்வியும் இல்லை. ஈஎக்ஸ்5 மாதிரிக் கப்சாயின் சாமான் எந்தத் தாமான் பட்டறையிலும் கிடைக்கும். பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கி, முன்னதைச் சிறிதாக்கி, மட்கார்டைக் கழற்றிவிட்டால் நடை வேகத்தில் ஓட்டலாம். எட்டு போட்டுத் திரும்புவது, நின்றபடியே ஓட்டுவது, எடையை வெளிக்கால் பக்கம் மாற்றுவது எல்லாம் இதில் வரும். ஆனால் கையில் கிளட்ச் கிடையாது. ட்ரயல்ஸில் பாதி வேலையை இடது கையின் ஒற்றை விரல்தான் செய்கிறது. அது இல்லாமல் பழகுவது நீச்சலைக் கரையில் படுத்துக்கொண்டு பழகுவது மாதிரி. நல்ல மோட்டார் கிடைக்கும்வரை இரண்டு மூன்று மாதம் ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அப்படி மாற்றியதைச் சாலையில் ஓட்டிப் போலீசிடம் மாட்டிக்கொண்டால் என்னைக் கேட்காதீர்கள்.

கவாசாகி கேஎல்எக்ஸ்150 மாதிரி ஸ்க்ராம்ப்ளர் இன்னொரு வழி. சட்டப்படி சாலையில் ஓட்டிப் போகலாம், கிளட்ச் உண்டு, கூடப் போக ஆளும் கிடைக்கும். ஆனால் எடை நூற்றுப்பத்து கிலோவைத் தாண்டுகிறது, இருக்கை உயரம், முதல் கியரும் நம் வேலைக்கு வேகம் அதிகம். காட்டுப்பாதையில் நாள் முழுக்கச் சுற்ற ஆசை இருந்தால் அதையே வாங்குங்கள், சந்தோஷமாக இருப்பீர்கள். ட்ரயல்ஸ் பழகுவதற்கென்று வாங்காதீர்கள்.

ஜப்பானிலிருந்து வந்த பழையவையும் எப்போதாவது கண்ணில் படும். யமஹா டிஒய்250, ஹோண்டா டிஎல்ஆர்200. டிஎல்ஆரைப் பார்த்தால் எனக்கே கை அரிக்கும். எண்பதுகளின் மோட்டார், காற்றால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக், எவ்வளவு மெதுவாக விட்டாலும் டுக்டுக்கென்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் டிரம் பிரேக். இன்றைய மோட்டாரில் ஒற்றை விரலில் நிறுத்தலாம், இதில் நான்கு விரலும் பிடித்து வேண்டிக்கொள்ள வேண்டும். சாமானுக்கு ஜப்பான் ஏல விற்பனையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பட்டறை வேலை பிடித்தவர்களுக்கு இது அருமையான இரண்டாவது மோட்டார்.

மீதி மூன்று

உண்மையான போட்டி இரண்டு ஸ்ட்ரோக், நான்கு ஸ்ட்ரோக், மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் நடுவில்தான்.

மின்சாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மூன்றில் மிகவும் ஆசை காட்டுவது அதுதான். சத்தம் இல்லை. தாமானுக்குப் பின்னால் காலி நிலத்தில் காலை ஏழு மணிக்கு ஓட்டினாலும் யாரும் ஜன்னலைத் திறந்து திட்டமாட்டார்கள். ஃபிரான்சின் எலெக்ட்ரிக் மோஷன் பெரியவர்களுக்குச் செய்கிறது, சில மாடல்களில் கிளட்சும் உண்டு. பிள்ளைகளுக்கு ஓசெட் என்ற ஆங்கிலேய மோட்டார் உண்டு, 2022-இல் ட்ரையம்ஃப் அதை வாங்கிக்கொண்டது. இது விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2024-இல் ஹோண்டாவின் மின்சார ஆர்டிஎல், அகில ஜப்பான் போட்டியில் இறங்கிய முதல் சுற்றிலேயே வென்றது. ஓட்டியவர் புஜினாமி, 2004-இன் உலகச் சாம்பியன். அப்படியென்றால் ஏன் வேண்டாம்? பெரிய பேட்டரியைக் கப்பலேற்றுவது தனிச் செலவு, தனித் தலைவலி. பன்னிரண்டாவது மாடியில் இருப்பவர் எங்கே சார்ஜ் செய்வார்? பேட்டரிக்கு ஏதாவது ஆனால் செந்தூலிலோ கிள்ளானிலோ யார் பிரித்துப் பார்ப்பார்கள்? பிள்ளைக்கு வாங்குவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு மின்சாரம் என்பேன். பெரியவர் தன் முதல் மோட்டாராக வாங்குவதென்றால் இன்னும் கொஞ்ச காலம் போகட்டும்.

நான்கு ஸ்ட்ரோக் என்றால் மொன்டேசா கோட்டா 4ஆர்டி. ஹோண்டாவின் கைக்குள் இருக்கும் ஸ்பெயின் நிறுவனம் அது. 2005 முதல் வருகிறது, பேட்டரியே இல்லாமல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனில் ஓடும். இரண்டு ஸ்ட்ரோக்கைப் போல் பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் வேலை இதில் இல்லை. முறுக்கை விட்டால் எஞ்சினே பிடித்து நிறுத்தும். மழைக்குப் பிறகு உலு லங்காட் பக்கத்துச் சிவப்பு மண் சரிவில் இறங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். எதிர்ப்பக்கம், எடை சில கிலோ அதிகம். மூன்று கிலோ என்று தாளில் படிக்கும்போது சிரிப்பு வரும். பதினோராவது முறை ஓடைக்குள்ளிருந்து தூக்கும்போது வராது. ஹோண்டா பெயர் இருக்கிறதே என்று பக்கத்துக் கப்சாய் கடையில் போய்ச் சாமான் கேட்டால் கடைக்காரர் உங்களையே பார்ப்பார். செகண்ட் ஹேண்டிலும் விலை இறங்க மாட்டேன் என்கிறது.

இரண்டு ஸ்ட்ரோக்கில்தான் தேர்வு அதிகம். இத்தாலியின் பீட்டா, ஸ்பெயினின் காஸ்காஸ், ஃபிரான்சின் ஷெர்கோ, ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஜோர்டி தர்ரேஸ் தொடங்கிய டிஆர்ஆர்எஸ். எல்லாமே தண்ணீரில் குளிர்பவை, எல்லாமே நல்லவை. முதல் மோட்டாருக்கு எது நல்லது என்று கடையில் அரை மணி நேரம் பேசினோம்.

காஸ்காஸ் இலேசு, திருப்பினால் சட்டென்று திரும்பும். அதன் தாய்க் குழுமமான கேடிஎம் 2024 நவம்பரில் கடனில் மூழ்கி நீதிமன்றச் சீரமைப்புக்குப் போனதிலிருந்து, சாமான் தாமதம் ஆகுமோ என்ற பயம் எனக்கு உண்டு. மற்றவர்கள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். ஷெர்கோ நடுவில் நிற்கிறது, பெரிய குறையும் இல்லை, கனவில் வரும் அளவுக்கு ஒன்றும் இல்லை. டிஆர்ஆர்எஸ் அழகு, ஆனால் செகண்ட் ஹேண்டில் குறைவாகவே வருகிறது. பீட்டா ஈவோ 2009-இலிருந்து பெரிதாக மாறாமல் வருகிறது. புதுமை தேடுபவர்களுக்கு அது குறை. சாமான் தேடுகிற நமக்கு அதுதான் லாபம். 2012-ஆம் வருட மோட்டாருக்கு வேண்டியது பல வேளைகளில் நேற்று வந்த மோட்டாருடையதாகவே இருக்கும்.

அதிலும் ஈவோ 200 என்று ஒன்று உண்டு. 125-க்கும் 250-க்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்தாரிடமும் பேச்சு வாங்குவது. 125 அறுபது கிலோவுக்குக் குறைவான இளம் பிள்ளைகளுக்குச் சரி, ஆனால் ஏற்றத்தில் விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கிளட்ச் பாவம். 250 எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்குப் பொருந்தும். நடுவில் இருக்கும் அக்கா மகன் போன்றவர்களுக்கு 200. யாராவது 250-ஐத்தான் மலிவாகத் தருகிறார்கள் என்றால் வாங்குங்கள், ஃப்ளைவீலுக்குக் கூடுதல் எடை மாட்டி, மெதுவாகத் திறக்கும் த்ராட்டில் குழாய் போட்டால் அடங்கிவிடும். 300-ஐயும் அப்படி அடக்கலாமே என்பான் அக்கா மகன். அடக்கலாம். நானும் அடக்கினேன், அதற்கு எட்டு மாதம் ஆனது.

இரண்டு ஸ்ட்ரோக்குக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் பெட்ரோலையும் எண்ணெய் என்கிறோம், அதில் கலக்கும் டூ-டியையும் எண்ணெய் என்கிறோம். கூட்டாளியை விட்டுக் கலக்கச் சொன்னால் ஸ்க்ராம்ப்ளருக்கு ஊற்றும் அளவை ஊற்றிவிடுவார். ட்ரயல்ஸ் மோட்டார் நடை வேகத்தில் ஓடுவது, கலவை மெலிதாக இருக்க வேண்டும். கெட்டியானால் சைலன்சர் அடைத்துக்கொண்டு எருமை மாதிரி இழுக்கும். கையேட்டில் போட்டிருக்கும் அளவை டாங்க் அடியில் எழுதி ஒட்டுங்கள்.

புதுசா, பழசா?

புதிய 250 ஐரோப்பாவிலேயே ஏழாயிரம் எட்டாயிரம் யூரோ. தனியாள் ஒருவர் வெளியிலிருந்து இறக்குவதற்கு ஏபி என்ற இறக்குமதி அனுமதி வேண்டும், அதற்கு மேல் வரி, கப்பல் கூலி. எல்லாம் சேர்ந்தால் நல்ல நிலையில் இருக்கும் பழைய மைவி காரின் விலை. அதைக் கொடுத்து வாங்கி, முதல் வாரமே பாறையில் உரசுவதற்கு மனசு வராது. மனசு வராதவன் முயற்சி செய்ய மாட்டான். ஆகவே பழசு.

பழசில் நான் பட்டதைச் சொல்கிறேன். எனக்கு அந்த 300-ஐ விற்றவர் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். நான் பிளாஸ்டிக்கைப் பார்த்தேன், ஸ்டிக்கரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கியர் எண்ணெயை இறக்கினால் அப்படியே தே தாரிக் நிறம். வாட்டர் பம்ப் சீல் போய், ரேடியேட்டர் தண்ணீர் கியர்பெட்டிக்குள் கலந்திருந்தது. சீல் விலை ஒன்றுமில்லை, ஆனால் அது வருவதற்குள் ஆறு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. இப்போதெல்லாம் பார்க்கப் போகும்போது ஒரு காலி டப்பாவும் பத்தாம் நம்பர் ஸ்பானரும் பையில் இருக்கும். இரண்டு சொட்டு இறக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டதும் விற்பவர் முகம் மாறினால் திரும்பிவிடுவேன்.

அடுத்தது காற்றாடி. நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருங்கள். சில நிமிடத்தில் காற்றாடி தானாகச் சுற்ற வேண்டும், கொஞ்ச நேரத்தில் தானாக நிற்க வேண்டும். ஐரோப்பாவின் பனிக்காலத்தில் செத்த காற்றாடியோடும் ஓட்டிவிடலாம். முப்பத்து மூன்று டிகிரியில், ஓடைக்குள் நடை வேகத்தில், பத்தே நிமிடத்தில் கொதித்துவிடும். பிறகு அடிப்பலகையைக் கழற்றச் சொல்லி எஞ்சின் உறையில் வெடிப்பு இருக்கிறதா, பின் சக்கரத்தைத் தூக்கி ஆட்டி பின் சஸ்பென்ஷனின் லிங்கேஜ் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கீறல், உடைந்த மட்கார்டு, நசுங்கிய புகைக்குழாய் இதெல்லாம் பேரம் பேச உதவும், பயப்பட வேண்டியதில்லை. சுங்க வரித் தாள் இருக்கிறதா என்று கேட்பதையும் மறக்காதீர்கள். சாலைக்கு வராத மோட்டார்தானே என்று சும்மா விடும் விஷயம் இல்லை அது.

வாங்கியதும் செய்யும் முதல் செலவு, காற்று பார்க்கும் மீட்டர். பின் டயரில் நான்கு, ஐந்து பிஎஸ்ஐதான் வைக்க வேண்டும், முன்னால் ஆறு, ஏழு. எண்ணெய்க் கடை மீட்டருக்கு அந்த எண்ணே சரியாகத் தெரியாது. பதினைந்து வரை மட்டும் காட்டும் சின்ன மீட்டர் வாங்குங்கள். ஈர வேரில் பின் டயர் வழுக்குகிறது என்று அக்கா மகன் புலம்பிக்கொண்டிருந்தான், பார்த்தால் ஒன்பது. ஐந்துக்கு இறக்கியதும் அதே வேரில் டயர் வயிறு அமுங்கி, வேரை அப்படியே கவ்விக்கொண்டு ஏறியது. அன்றைக்கு அவன் பேச்சு நின்றது.

போட்டி

போட்டிக்குப் போகும் முன் போட்டியைக் கொஞ்சம் நமக்குள்ளேயே வைத்துப் பார்க்கலாம். நான்கு பேர் போதும். தோட்டத்துக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கி, சிவப்பு நீலக் கயிற்றில் ஐந்து செக்‌ஷன். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் நின்று புள்ளி போட வேண்டும். கூட்டாளி என்று ஒரு காலை விட்டுக்கொடுத்தால் எல்லாம் கெட்டது. மூன்று சுற்று. காலை ஏழரைக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் வெயில், மூன்று மணிக்கு மேல் இடி. பத்துமலை சுண்ணாம்புப் பாறையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், வனத்துறை இடங்களிலும் கேட்காமல் நுழையாதீர்கள். காலில் காயம் இருந்தால் ஓடைப்பக்கம் வேண்டாம், எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்லை.

நிஜப் போட்டிக்கு என்றால், எஃப்ஐஎம் என்ற உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பில் நம் நாட்டுக்காக இருப்பது எம்ஏஎம், மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கம். அதன் அனுமதியோடு நடப்பவற்றுக்கு உரிமம் கேட்பார்கள். பெயர் கொடுக்கும்போது இருப்பதிலேயே எளிய பிரிவில் கொடுங்கள். ஒரே செக்‌ஷனுக்குள் பிரிவுக்கு ஒரு நிறம் என்று அம்பு போட்டிருப்பார்கள், உங்கள் நிறத்தைத் தவறவிட்டால் நேராக 5. தொடங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: நின்றால் புள்ளி உண்டா? சில விதிகளில் காலூன்றாமல் நின்று யோசிக்கலாம், சிலவற்றில் நின்றாலே 5. விழுந்தால் எஞ்சினை நிறுத்த மணிக்கட்டில் மாட்டும் கயிறு, பின் பல்சக்கரத்துக்கு மூடி, இரண்டும் இல்லாமல் இறங்கவே விடமாட்டார்கள். ஓட்டுவதற்கு முன் செக்‌ஷனைக் கால்நடையாக நடந்து பாருங்கள். திரும்பி எதிர்ப்பக்கத்திலிருந்தும் பாருங்கள், வரும்போது தெரியாத வேர் போகும்போது தெரியும்.

போன ஞாயிறு நாங்கள் வைத்ததில் அவனுக்கு 75-க்கு 48, எனக்கு 19. நான்காவது செக்‌ஷனில் மூன்று சுற்றிலும் அவன் 5 வாங்கினான், அதே இடத்தில், அதே கல்லில். கல்லுக்கு முன்னாலேயே முறுக்கை விட்டுவிடு, கல்லின் மேல் விடாதே என்று சொன்னேன். "தெரியும் மாமா, கைக்குத்தான் தெரிய மாட்டேங்குது" என்றான்.

அவன் கடைசியில் வாங்கியது ஈவோ 200, கியர் எண்ணெய் சுத்தம், காற்றாடி ஓடுகிறது. பின் மட்கார்டு உடைந்திருந்தது, அதைக் காட்டி முந்நூறு வெள்ளி குறைத்தோம். மட்கார்டை இன்னும் மாற்றவில்லை.